எழுபது டிகிரிக்கு மேல்

மார்ச் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு நான் அனுப்பிய காது மெஷின் காதில் ஏறியதா, இல்லை பெட்டிக்குள்ளேயே தூங்குகிறதா?

என்னடா, கடிதமெல்லாம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. ஃபோனில் நாம் பேசும் லட்சணம் தெரிந்ததுதானே. "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." "அம்மா?" "இருக்காங்க." வைத்துவிடுகிறோம். அப்பா போன இந்த ஒன்பது மாதத்தில் நாம் பேசியதையெல்லாம் எழுதினால் அரைப் பக்கம் தேறாது. அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

ஒரு உதவி வேண்டும். அப்பாவின் காலை ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தார்கள் அல்லவா? முட்டிக்குப் பின்னால் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னால் ஒன்று, கடைசி நாட்களில் ஒன்று. இரண்டையும் ஒரே வட்டில் பதிந்து கொடுத்திருப்பார்கள். அது வீட்டில்தான் எங்காவது இருக்கும். எனக்கு அனுப்பி வை. ஒரு ஞாபகத்துக்கு.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாளே கிளம்பி வந்துவிட்டேன். உன்னோடு உட்கார்ந்து பேசக்கூட இல்லை. அது மனதில் அறுத்துக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
கணக்கு


மார்ச் 21

அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். அம்மா நலம். காது மெஷின் அலமாரியில் நலம்.

வட்டு கிடைத்தது. அப்பாவின் கரணை, ரப்பர் சுத்தியல், மட்டக்கோல் எல்லாம் போட்டு வைத்த தகரப் பெட்டியின் அடியில் இருந்தது. இதோடு அனுப்பியிருக்கிறேன். மற்றவர்கள் ஞாபகத்துக்கு முகம் இருக்கிற படத்தைக் கேட்பார்கள். நீ காலைக் கேட்கிறாய். அப்பா உனக்குக் கணக்கு என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

வேலை ஓடுகிறது. முப்பது வருஷம் அப்பாவோடு ஒரே தரையில் டைல்ஸ் ஒட்டிய நம் மாமாதான் இப்போது எனக்குத் துணை. அப்பா கடைசியாகச் செய்த அந்த நீலக் குளியலறை வேலை மட்டும் அப்படியே கிடக்கிறது. மூலையில் நான்கு கல்தான் பாக்கி. வீட்டுக்கார அம்மா வாரம் ஒரு முறை கூப்பிடுகிறார். நான் போகவில்லை.

ஒன்று சொல்வேன், கேலி செய்யாதே. நம் வீட்டுக் கூடத்தில் மத்தியானம் மூன்று மணி ஆனால் தட்டுகிற சத்தம் கேட்கிறது. டக், டக், கொஞ்சம் நிறுத்தி மறுபடி டக். கரணையின் மரப்பிடியால் அப்பா தட்டுவாரே, அதே கதி. ஒட்டிய மறுநாள் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்க்காமல் அவர் எந்த வேலையையும் முடித்ததில்லை. அடியில் கலவை சேராத கல் 'டொம்' என்று காட்டிக் கொடுத்துவிடும். உடனே பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். "இன்னிக்கு சும்மா இருக்கும்டா, என்னிக்காவது ஒருத்தன் காலை வச்சு உடையும்" என்பார்.

சத்தம் வந்த இடத்தில் நானும் தட்டிப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் ஒரு கல் 'டொம்' என்கிறது. அப்பா ஒட்டிய தரையில், அதுவும் சொந்த வீட்டில், பொக்கையா? எனக்கு நம்பவே முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுண்டு


ஏப்ரல் 14

அன்புள்ள சுண்டு,

நலம். வட்டு உடையாமல் வந்து சேர்ந்தது.

முதலில் உன் பேயை ஓட்டிவிடுகிறேன். மூன்று மணிக்கு அந்த ஜன்னல் வழியாகத்தான் வெயில் நேரே விழும். சூட்டில் கல் விரியும். அடியில் பிடிப்பு இருக்கிற கல் அடங்கிக் கிடக்கும், பிடிப்பில்லாத கல் நெளிந்து டக்கென்னும். இழுத்தால் நீள்வது, விட்டால் திரும்புவது, எதுவரை தாங்கும், எங்கே உடையும் என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. நீ பயப்படாதே.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் தெரியுமா? ஸ்கேனிலிருந்து அப்பாவின் ரத்தக்குழாயைத் திரையில் கட்டியிருக்கிறேன். குழாயின் சுவரை லட்சம் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுபடும், எவ்வளவு விறைக்கும் என்று எண்களைக் கொடுத்து, உள்ளே ரத்த அழுத்தத்தையும் கொடுத்துவிட்டால் அது துடிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஆய்வகம் மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை. ஒரு பக்கம் கம்ப்யூட்டர்கள், மறு பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குள் ரப்பர் குழாய்களை ராப்பகலாக மடக்கி நிமிர்த்தும் மெஷின்கள். இவ்வளவு இரைச்சலிலும் எனக்கு அந்தத் திரை துடிப்பது மட்டும்தான் தெரிகிறது. சாப்பிடப் போகும்போது நிறுத்திவிட்டுத்தான் போகிறேன். திரும்பி வந்தால் துடித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்த மறந்திருப்பேன், வேறென்ன.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா வேலைக்குப் போனாரா?

அம்மாவுக்கு என் அன்பு.

கணக்கு


மே 3

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நீ சொன்ன வெயில் விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். போன வியாழன் விடிந்ததிலிருந்து அடைமழை. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டோம். மூன்று மணிக்குத் தட்டியது. இடி இடித்தாலும் திரும்பாத அம்மா, ஜன்னல் ஓரம் தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இதோ தட்றாரு பாரு" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்பா வேலைக்குப் போனாரா என்று கேட்டிருந்தாய். சும்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

இங்கே புதுக் கவலை ஒன்று. மாமாவுக்கு நூறு அடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, முட்டிக்குப் பின்னால் அடைப்பு, அப்பாவுக்கு வைத்த அதே ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார். ஜூலை பதினெட்டு என்று தேதியும் கொடுத்துவிட்டார். மாமாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "நம்ம கணக்கு போட்ட கணக்குல செஞ்சதுடா, என் மருமக என் காலுக்குள்ள இருப்பா" என்று டீக்கடை வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அப்பா விஷயத்தில் அது உடைந்தது விதி என்கிறார். அம்மாவுக்குத்தான் பயம். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

வைக்கலாம்தானே? ஒரு வரி எழுது.

சுண்டு


மே 29

சுண்டுவுக்கு,

நலம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மாமாவுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே? புகை பிடிப்பதை விடச் சொல். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

நான் கேட்டது ஒரு வரி. நீ நான்கு வரி எழுதியிருக்கிறாய், கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.

மாமா ஆஸ்பத்திரித் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "கணக்கு வைன்னு சொல்லட்டும், மறுநாளே போய்ப் படுத்துக்கறேன்" என்கிறார். தினமும் வேலை முடிந்து வரும்போது தபால் வந்ததா என்று கேட்கிறார். பாதி நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்.

நாங்கள் ஃபோன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. என்னக்கா ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?

சுண்டு


ஜூன் 25

சுண்டு,

மாமா அந்த ஸ்டென்டை வைத்துக்கொள்ளக் கூடாது. இதை முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்டென்டுக்குக் கணக்குப் போட்டது நான்தான். பெருமையாக ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். என்ன கணக்கு என்று சொன்னதில்லை. முட்டி மடங்கும்போது பின்னால் இருக்கும் குழாயும் மடங்கும், குழாய்க்குள் ஸ்டென்டாக இருக்கும் கம்பி வளையங்களும் மடங்கும். எத்தனை மடக்குக்கு அந்தக் கம்பி தாங்கும் என்பதுதான் கேள்வி. எழுபது டிகிரி வரை அழகாகத் தாங்கியது. அதைத் தாண்டியதும் கம்பி அல்ல, என் கணக்கே படுத்துவிட்டது. முக்கோணங்கள் உள்வெளியாகத் திரும்பி, திரையில் சிவப்பாகப் பிழை என்று வந்து நின்றுவிடும். இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். எங்கள் ஆய்வகப் பெரியவர், "மனுஷன் நடக்க எழுபது போதும்மா, முடிச்சுக் குடு" என்றார். முடித்துக் கொடுத்தேன். அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: எழுபது டிகிரிக்கு மேல் முட்டி மடங்குவது அன்றாட வாழ்வில் அபூர்வம்.

யார் எழுதியது அதை? நாளெல்லாம் தரையில் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்தவரின் மகள். அவர் பக்கத்தில் நானும் குந்திக்கொண்டு கலவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எழுதும்போது அப்பா ஞாபகத்துக்கே வரவில்லை. மேஜை, நாற்காலி, நடைபாதை, இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

டாக்டர் சொன்னபோது அப்பா என்னைத்தான் கேட்டார். "வச்சுக்குங்கப்பா, நான் போட்ட கணக்கு" என்றேன். கம்பி உடைந்து குழாய் அடைத்துவிட்டது, கால் கறுத்து விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது என்று போன ஜூனில் நீ ஃபோனில் அழுதாயே, அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அடக்கத்துக்கு வந்தபோதும் தெரியும். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஓடி வந்தேன். வட்டைக் கேட்டது ஞாபகத்துக்கு இல்லை. நான் நினைப்பது தப்பாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில்.

தப்பாக இல்லை. இப்போது புது முறையில் கணக்கு நூற்றுப் பத்து வரை ஓடுகிறது. அப்பாவின் குழாயை மடக்கினேன். மேலிருந்து நான்காவது வளையத்தில் கம்பி உடைகிறது. இரண்டாவது ஸ்கேனில் உடைந்திருப்பதும் நான்காவது வளையம்.

டாக்டருக்கு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு. பெரியவரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். செய்கிற கம்பெனிக்கும் என் பெயரிலேயே அனுப்பிவிட்டேன். மாமாவின் பெயர் மட்டும் இதில் வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

அக்கா


ஜூலை 24

சுண்டு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. பதினெட்டாம் தேதியும் போய்விட்டது. ஃபோனை நீ எடுக்கவில்லை, மாமாவின் ஃபோன் அணைந்து கிடக்கிறது. என்னைத் திட்டு, பேசாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். மாமாவுக்கு வைத்தார்களா, இல்லையா? அதை மட்டும் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

மாமா நன்றாக இருக்கிறார். உன் தாளை டாக்டர் இரண்டு தடவை படித்தார். ஸ்டென்ட் வேண்டாம் என்று முடிவு செய்து, மாமாவின் தொடையிலிருந்தே ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி வேறு வழி போட்டுவிட்டார்கள். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். இதை ஜூலையிலேயே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதக் கூடாது என்றுதான் எழுதவில்லை. காத்திருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

இப்போது என் முறை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார் என்று எழுதினேனே, அது பொய். அந்த நீலக் குளியலறை வேலையை ஒப்புக்கொண்டது நான். குடி வரும் தேதி நெருங்கிவிட்டது, மாமா அப்போது வேறு வேலையில் இருந்தார், எனக்குக் கை ஓடவில்லை. "ரெண்டு நாள் வந்து உக்காருங்கப்பா" என்று கூப்பிட்டேன். இரண்டு நாள் பதினொரு நாள் ஆனது. பத்தாம் நாள், "கால் மரத்துப் போகுதுடா" என்றார். "மூலைதாம்பா பாக்கி" என்றேன். மறுநாளும் வந்தார். நான்கு கல் மிச்சம் இருக்கும்போது எழுந்திருக்க முடியாமல் விழுந்தார்.

அக்கா, பதினான்கு மாதமாக அப்பாவைக் கொன்றவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மணிக்கு அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் என்னைத்தான் தட்டுகிறார், உள்ளே பொக்கை என்று சொல்கிறார் என்று நினைத்தேன். கல்யாணப் பேச்சை எடுத்தால் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். நீ கணக்கில் தப்புச் செய்தாய், சரி. யார்தான் செய்யவில்லை. ஆனால் நான் ஃபோனில் அழுத அன்றைக்கே உனக்குத் தெரியும் என்கிறாயே. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியையாவது நான் சுமந்திருக்க மாட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனிமேல் கேள். கோணம் அளக்கும் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரையும் குந்தச் சொல்லி அளந்தேன். நூற்று முப்பத்தைந்து, நூற்று நாற்பது, நூற்று முப்பத்தெட்டு. அப்பாவின் அளவு நம்மிடம் இல்லை. அதனால் நானே கூடத்தில் கரணையைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். மாமா கட்டிலிலிருந்து இறங்கி வந்து அளந்தார். "அப்படியே உங்கப்பன் உக்கார்ற மாதிரியே இருக்குடா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூற்று நாற்பத்திரண்டு. அதை அப்பாவுடையது என்று எழுதிக்கொள். வேலையில் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை குந்தி எழுவோம். வீட்டில் சும்மா இருந்தாலும் அவர் பதினைந்து தடவையாவது தரையில் உட்கார்ந்து எழுவார் என்று அம்மா சொல்கிறாள்.

உன் மெஷினில் போட்டுப் பார். அந்தப் பதினொரு நாள் இல்லாவிட்டால் அப்பா இருந்திருப்பாரா? எனக்காக எண்ணைக் கூட்டாதே, குறைக்காதே.

சுண்டு


செப்டம்பர் 17

அன்புள்ள சுண்டு,

மாமா நன்றாக இருக்கிறார் என்ற வரியைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ என்னைக் காக்க வைத்தது சரிதான்.

நூற்று நாற்பத்திரண்டு வரை கணக்கை ஓட வைக்க நான்கு வாரம் ஆனது. அன்றைக்கே இந்த நான்கு வாரத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியவள் நான். பெரியவர் என்னை அந்த வேலையிலிருந்து மாற்றிவிட்டார். ஆனால் கம்பெனி முட்டிக்குப் பின்னால் அதை வைக்க வேண்டாம் என்று எல்லா டாக்டர்களுக்கும் எழுதிவிட்டது. நீ அளந்த எண்களும் அதில் போயிருக்கின்றன.

நீ கேட்டதற்குப் பதில். ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறாவது மடக்கில் நான்காவது வளையம் உடைகிறது. நாளைக்கு முந்நூறு என்றால் ஒன்பதாம் நாள். அவர் மரத்துப் போகிறது என்று சொன்னதற்கு முந்தின நாள். வேலைக்கே போகாமல், வீட்டில் உட்கார்ந்து எழுந்துகொண்டு மட்டும் இருந்திருந்தால், கிட்டத்தட்ட ஆறு மாதத்தில் அதே வளையம் உடைகிறது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அப்பாவிடமிருந்து நீ எடுத்தது ஆறு மாதம், சுண்டு. மீதி எல்லாவற்றையும் எடுத்தது நான்.

திரையில் அப்பாவின் குழாயை நேற்று நிறுத்தினேன். நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நின்றுவிட்டது. அறையே காலியான மாதிரி இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 6

கணக்குக்கு,

நாங்கள் மூவரும் நலம். மாமா தெரு முனை வரை நடக்கிறார், டீக்கடைக்காரருக்குத்தான் காது வலி.

ஆறு மாதத்தை நான் ஏற்றுக்கொண்டேன். என்னுடையது எவ்வளவு என்று தெரிந்த பிறகு தூக்கிக்கொண்டு நடக்க முடிகிறது. உன் கடிதம் வந்த மறுநாளே நீலக் குளியலறைக்குப் போய் அந்த நான்கு கல்லையும் ஒட்டினேன். அடுத்த நாள் தட்டிப் பார்த்தேன். நான்கும் கெட்டி.

வீட்டுக்கு வந்து, ஜன்னல் ஓரக் கல்லையும் பெயர்க்கலாம் என்று உளியை எடுத்தேன். அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அது கணக்கு ஒட்டினதுடா, பத்து வயசுல. நானும் ஒண்ணு ஒட்டுவேன்னு அழுதா. பொக்கைன்னு உங்கப்பாவுக்கு அன்னிக்கே தெரியும். புள்ள மனசு நோகும்னு விட்டுட்டாரு. ஸ்கூல் விட்டு அவ வர்ற நேரத்துல தினமும் அதைத் தட்டிட்டு சிரிப்பாரு. 'இது மட்டும் இருக்கட்டும்'பாரு" என்றாள்.

நம் ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அக்கா? மூன்று மணிக்கு.

ஊரான் வீட்டில் ஒரு பொக்கைக் கல்லைக்கூட விட்டு வைக்காத மனிதர், உன் கல்லைத் தெரிந்தே விட்டு வைத்தார், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நீயும் எனக்கு அதைத்தான் செய்தாய். இனி இந்த வீட்டில் அந்தப் பழக்கம் வேண்டாம் என்று பெயர்த்துவிட்டேன். அடியில் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெறும் பள்ளம். நிறையக் கலவை போட்டுப் புதுக் கல் ஒட்டினேன்.

ஒன்பது நாளாக மூன்று மணிக்குச் சத்தம் இல்லை. அம்மா மட்டும் அந்த நேரத்துக்கு வந்து புதுக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்கிறாள். "தட்றாராம்மா?" என்று காதருகே கத்திக் கேட்டேன். அவள் கையை எடுக்கவில்லை.

உன் கல் முனை உடையாமல் வந்தது. தகரப் பெட்டியில் கரணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். நீ வந்து வாங்கிக்கொள்.

சுண்டு